கார்புரேட்டரைத் திருகும் முன் கழுவுங்கள்

உத்திரமேரூர் வட்டாரத்தில் ஏரிப் பாசனத்தில் விளையும் சம்பா நெல்லில், கதிர் வெளிவரும் தருணத்தில் புகையான் தாக்கினால் மருந்தடிப்பைத் தள்ளிப்போட இயலாது. பயிர் வட்டம் வட்டமாகக் காய்ந்துவிடும். சென்ற பருவத்தோடு மூலையில் வைத்த விசைத் தெளிப்பான் அந்த நேரம் பார்த்துத்தான் கிளம்ப மறுக்கும். உடனே கார்புரேட்டர் திருகுகளை மனம்போல் திருகுவது பலரது வழக்கம். கோளாறு பெரும்பாலும் திருகில் இல்லை. உள்ளே படிந்த கசடில்தான் உள்ளது.

காரணம் என்ன?

பெட்ரோல் நாட்பட நின்றால் பிசின் போன்ற கசடு தங்கி, ஜெட்டின் நுண்துளையை அடைக்கும். இப்போது பெட்ரோலில் 20 சதம் அளவுக்கு எத்தனால் கலக்கப்படுகிறது. இது ஈரத்தை ஈர்ப்பதால் கிண்ணத்தின் அடியில் நீரும் சேரக்கூடும்.

கோளாறைக் கண்டறிதல்

பலமுறை கயிறு இழுத்தபின் பிளக்கைக் கழற்றிப் பார்க்கவும். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் சோக் அதிகம், அல்லது ஊசி வால்வு சரியாக மூடவில்லை. சோக் போட்டால் மட்டும் ஓடி, எடுத்ததும் நின்றால் ஜெட்டில் அடைப்பு. டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கு எண்ணெய் பெட்ரோலோடுதான் செல்கிறது. எனவே அடைப்போடு ஓட்டினால் பிஸ்டன் சூடேறி இறுகிவிடும்.

சுத்தம் செய்தல்

என்ஜின் ஆறியபின், பீடி, விளக்கு அருகில் இல்லாத இடத்தில் வேலை செய்க. பெட்ரோல் குழாயை மூடி, மிதவைக் கிண்ணத்தைக் கழற்றவும். ஜெட்டைப் புதிய பெட்ரோலில் கழுவி, சைக்கிள் பம்பால் காற்றடிக்கவும். கம்பி, ஊசி கொண்டு குத்தக்கூடாது. துளை பெரிதானால் பெட்ரோல் செலவு கூடும். காற்று வடிகட்டியையும் சுத்தம் செய்க.

திருகைச் சரிசெய்தல்

கழற்றும் முன் கலவைத் திருகு எத்தனை சுற்றில் இருந்தது என்று குறித்துக்கொள்ளவும். கையேடு இல்லையெனில், அதை மெதுவாக உள்ளே முட்டும்வரை திருகி, ஒன்று முதல் ஒன்றரைச் சுற்று வெளியே எடுப்பது தொடக்க அளவாகும். அழுத்தித் திருகினால் ஊசி முனை கெடும். என்ஜினை ஐந்து நிமிடம் ஓட்டிச் சூடேற்றியபின், கால் சுற்றாகத் திருகி, சீராக ஓடும் இடத்தில் நிறுத்தவும். பிறகே ஐடில் வேகத்தை வைக்கவும்.

பருவ முடிவில்

டாங்கைக் காலி செய்து, என்ஜின் தானே நிற்கும்வரை ஓட்டி, கிண்ணத்தை உலர்த்தி வைக்கவும். அடுத்த முறை தேவையான அளவே கலக்கவும். 25:1 விகிதம் குறிப்பிட்ட என்ஜினுக்கு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மி.லி. டூ ஸ்ட்ரோக் எண்ணெய் போதும்.

பருவ முடிவில் பத்து நிமிடம் செலவிட்டால், புகையான் வரும் நாளில் மெக்கானிக்கைத் தேடி அலைவது மிச்சமாகும்.