கெடாமல் காக்கும் கிருமிகள்

1989ஆம் ஆண்டு ஜூன் மாதம் இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதியிலும் வேல்ஸிலும் 27 பேர் பாட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சுக்கு ஆளானார்கள். கண்ணிமை தொங்கிவிடும், நாக்கு குழறும், எச்சில்கூட விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசைகளும் செயலிழக்கும். ஒருவர் இறந்தே போனார். எல்லோரும் சாப்பிட்டிருந்தது ஹேசல்நட் கொட்டையின் விழுது கலந்த தயிர். அந்த விழுதில் வழக்கமாகச் சேர்க்கும் சர்க்கரைக்குப் பதிலாக அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பைச் சேர்த்திருந்தார்கள். இனிப்பு குறையவில்லை. ஆனால் சர்க்கரை அதுவரை இன்னொரு வேலையையும் செய்துவந்திருந்தது. விழுதில் உள்ள ஈரத்தைத் தன்னோடு பிணைத்துக்கொண்டு, கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் முளைக்க விடாமல் தடுத்து வந்தது. சர்க்கரை போனதும் தடுப்பும் போயிற்று. டின்னில் அடைக்கும்போது கொடுத்த சூடு வித்துகளைக் கொல்லப் போதவில்லை.

பதப்படுத்தி என்றால் பாட்டிலின் பின்புறம் எண்ணாக அச்சிடப்படும் ரசாயனம் மட்டும்தான் என்று நாம் நினைக்கிறோம். உப்பும் சர்க்கரையும் புளிப்பும் பதப்படுத்திகள்தான். உணவிலிருந்து ஒன்றை எடுக்கும்போது அது என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று தெரிந்துதான் எடுக்க வேண்டும். இயற்கைப் பதப்படுத்திகளின் சந்தை இன்று வேகமாக வளர்ந்துவருகிறது. அதைப் பற்றி யோசிக்கும் ஒவ்வொருவரும் மனதில் வைக்க வேண்டிய சம்பவம் இது.

ரசாயனப் பதப்படுத்திகள் மீது மக்களுக்கு உள்ள அச்சம் காரணமில்லாமல் வந்ததல்ல. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் பாலில் ஃபார்மால்டிஹைடும் இறைச்சியில் போராக்ஸும் தாராளமாகக் கலந்தார்கள். வேளாண் துறையின் தலைமை வேதியியலாளர் ஹார்வி வைலி 1902இல் இளைஞர்கள் சிலரைத் தாமாக முன்வரச் செய்து, இந்தப் பொருட்களை அளந்து அவர்கள் உணவில் கலந்து கொடுத்து விளைவுகளைக் குறித்துவைத்தார். அவரது நீண்ட போராட்டம் 1906ஆம் ஆண்டின் உணவு, மருந்துச் சட்டத்துக்கு வழிவகுத்தது. அந்தப் பழைய அவநம்பிக்கை இன்று பொருள்பட்டியல் சின்னதாக, படித்தால் புரிவதாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பாக மாறியிருக்கிறது. அந்த எதிர்பார்ப்புக்குப் பின்னால் பெரும் பணம் நகர்கிறது. அசிடேட், புரோப்பியோனேட் வகைப் பதப்படுத்திகளைச் செய்யும் நயாசெட் என்ற நிறுவனத்தை அயர்லாந்தின் கெர்ரி நிறுவனம் 2021இல் சுமார் 85 கோடி யூரோ கொடுத்து வாங்கியது.

இந்தச் சந்தையில் வயதிலும் அனுபவத்திலும் மூத்தது நைசின். முதலில் அதைத்தான் அறிமுகப்படுத்த வேண்டும்.

பாலைப் புளிக்கவைக்கும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்ற பாக்டீரியாவில் சில ரகங்கள் நைசினைச் சுரக்கின்றன. 1928இல் அமெரிக்காவிலும் 1933இல் நியூசிலாந்திலும் ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். பாலில் வளரும் ஒரு ரகப் பாக்டீரியா, பக்கத்தில் உள்ள வேறு ரகங்களை வளர விடாமல் எதையோ சுரந்தது. பாலாடைக்கட்டி செய்பவர்களுக்கு அது முதலில் தொல்லை. உறை ஊற்றினால் பால் சரியாகப் புளிக்கவில்லை. 1940களில் இங்கிலாந்தில் மேட்டிக், ஹிர்ஷ் என்ற இருவர் அந்தப் பொருளை ஆராய்ந்து பெயர் வைத்தார்கள். பென்சிலினின் வெற்றி புதிதாக இருந்த காலம் அது. இதுவும் மருந்தாகும் என்ற நம்பிக்கை இருந்தது. ஆனால் உடலின் அமில, கார நிலையில் நைசின் சரியாகக் கரைவதில்லை, நிலைத்து நிற்பதும் இல்லை. வாய்வழி கொடுத்தால் நம் செரிமான நொதிகள் மற்றப் புரதங்களைப் போல அதையும் வெட்டிச் செரித்துவிடும்.

மருந்துக்கு ஆகாத அந்தக் குணமே உணவுக்குத் தகுதியாக அமைந்தது. 1953இல் ஆப்லின் அண்ட் பாரெட் என்ற ஆங்கில நிறுவனம் நைசாப்ளின் என்ற பெயரில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பொடியில் நைசின் வெறும் இரண்டரை சதவீதம். மீதி பெரும்பாலும் உப்பும் பால் திடப்பொருளும். உலகச் சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 1969இல் அதை ஏற்றது. அமெரிக்கா 1988இல் ஏற்றது.

அது வேலை செய்யும் விதம் வியப்பானது. நைசின் 34 அமினோ அமிலங்களாலான சிறு சங்கிலி. அதில் ஐந்து இடங்களில் கந்தக அணு பாலமாக நின்று வளையங்களை உண்டாக்குகிறது. பாக்டீரியா தன் சுவரைக் கட்டும்போது, செங்கல் சுமந்து சாரத்தில் ஏறும் சித்தாளைப் போல, லிப்பிட்-2 என்ற மூலக்கூறு சுவருக்கான துண்டுகளை உள்ளிருந்து வெளியே கொண்டுவந்து தருகிறது. நைசின் போய் அந்த லிப்பிட்-2ஐப் பிடித்துக்கொள்கிறது. சுவர் வேலை நின்றுவிடும். அதோடு விடாமல், பிடித்த இடத்திலேயே பல நைசின் மூலக்கூறுகள் ஒன்றுகூடிச் சவ்வில் துளையிடுகின்றன. உள்ளிருப்பதெல்லாம் கசிந்து பாக்டீரியா சாகிறது. இரண்டு வழியில் தாக்குவதால் மிகக் குறைந்த அளவே போதும். ஒரு கிலோ பாலாடைக்கட்டிக்குச் சர்வதேச உணவுத் தரப்பட்டியல் அனுமதிக்கும் உச்ச அளவு 12.5 மில்லிகிராம்.

உருக்கிச் செய்யும் சீஸில் இது ஏன் இத்தனை பயன்படுகிறது? உருக்கும் சூட்டில் சாதாரணக் கிருமிகள் சாகும், கிளாஸ்ட்ரிடிய வித்துகள் சாகாது. காற்றில்லாத உறை, போதுமான ஈரம், குறைந்த புளிப்பு என்று அவை முளைக்க ஏற்ற சூழல் அங்கே இருக்கிறது. வித்து முளைவிடும் அந்தக் கணத்தில்தான் நைசின் பிடிக்கிறது.

ஆனால் அதற்கு எல்லை உண்டு. ஈ.கோலை, சால்மோனெல்லா போன்ற கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாக்களுக்கு வெளியே இன்னொரு சவ்வு இருக்கிறது. அதைத் தாண்டி நைசினால் லிப்பிட்-2ஐ எட்ட முடியாது. பூஞ்சையையும் ஈஸ்ட்டையும் அது தொடவே தொடாது. எந்தப் பதப்படுத்தியானாலும், அது எந்தக் கிருமியைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

பூஞ்சைக்கு வேறு ஆள் வேண்டும். அது நேட்டமைசின். 1955இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதி மண்ணிலிருந்து எடுத்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை நுண்ணுயிரியிலிருந்து கிடைத்தது. பூஞ்சையின் சவ்வில் எர்கோஸ்டெரால் என்ற பொருள் இருக்கிறது. நம் செல்களில் அதன் இடத்தில் கொலஸ்ட்ரால். நேட்டமைசின் எர்கோஸ்டெராலைப் பிடித்து, சவ்வின் வழியே நடக்கும் போக்குவரத்தை முடக்குகிறது. ஐரோப்பாவில் பாலாடைக்கட்டியின் மேற்பரப்பில் ஒரு சதுர டெசிமீட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் பூசக் கூடாது, ஐந்து மில்லிமீட்டர் ஆழத்தில் அது இருக்கவும் கூடாது என்று விதி.

இதே நேட்டமைசின் தமிழ்நாட்டில் கண் மருந்து. வயலில் வேலை செய்யும்போது நெல் சுணையோ இலையோ கண்ணில் பட்டுக் கீறி, அந்தப் புண்ணில் பூஞ்சை பிடித்துப் பார்வை பறிபோகும் நோய் நம் ஊரில் நிறைய. நேட்டமைசினையும் வோரிகொனசோல் என்ற புதிய மருந்தையும் ஒப்பிட்டு அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2013இல் வெளிவந்தது. பழைய நேட்டமைசின்தான் மேல் என்று தெரிந்தது, முக்கியமாக ஃபியூசேரியம் என்ற பூஞ்சையிடம். விவசாயியின் கண்ணைக் காப்பாற்ற நம் கையில் உள்ள மருந்துகள் மிகச் சில. அதில் ஒன்றை உணவுப் பொருட்களில் பரவலாகச் சேர்த்தால் பூஞ்சைகள் அதற்குப் பழகிவிடாதா? சீஸின் மேல்தோலில் பூசும் அளவுக்கு அந்தக் கவலை தேவையில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009இல் சொன்னது. தோலில் பூசுவது வேறு, தயிரிலும் பானத்திலும் கலந்து தினமும் குடலுக்கு அனுப்புவது வேறு. பின்னதை நான் ஏற்கவில்லை. மண்ணிலிருந்து வந்தது என்பதற்காக மட்டும் ஒரு மருந்தைக் கண்டபடி செலவழிக்க முடியாது.

எனக்கு அதிக நம்பிக்கை தரும் வழி இன்னொன்று. பதப்படுத்தியைப் பிரித்தெடுக்காமல், நல்ல பாக்டீரியாவையே உயிரோடு உணவில் விடுவது. தயிரில் பூஞ்சையைத் தடுக்க லாக்டோபேசில்லஸ் ரகங்களைச் சேர்த்து விற்கிறார்கள். அவை ஏதோ விஷத்தைச் சுரந்துதான் தடுக்கின்றன என்று வெகுகாலம் எண்ணினார்கள். 2020இல் வெளியான ஒரு டேனிஷ் ஆய்வு வேறு விடை சொன்னது. பாலில் மாங்கனீசு மிகமிகக் குறைவு. இந்தப் பாக்டீரியாக்கள் அதை முழுவதும் உறிஞ்சிக்கொள்கின்றன. மாங்கனீசு இல்லாமல் ஈஸ்ட்டும் பூஞ்சையும் வளர முடிவதில்லை. கொல்லாமலே காக்கும் முறை இது.

“இதெல்லாம் எதற்கு? நம் மஞ்சளும் கிராம்பும் கடுகும் போதாதா?” என்று கேட்கும் வாசகர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி. கிராம்பின் யூஜினால், கடுகை அரைக்கும்போது பிறக்கும் அல்லைல் ஐசோதயோசயனேட் இரண்டும் கிருமிகளை உண்மையாகவே அடக்கும். ஆனால் ஆய்வகத் தட்டில் ஒரு சொட்டு செய்யும் வேலையை உணவில் செய்யப் பல மடங்கு வேண்டும், ஏனென்றால் உணவின் கொழுப்பும் புரதமும் இந்த எண்ணெய்களை உறிஞ்சிக்கொள்கின்றன. அந்த அளவு சேர்த்தால் கிராம்பு வாசனை தவிர வேறெதுவும் நாக்குக்குத் தெரியாது. மூலிகைச் சாறுகளில் பெரிய வெற்றி கண்டது ரோஸ்மேரி. அதன் கார்னோசிக் அமிலம் எண்ணெய் சிக்கடிப்பதைத் தடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் அதை அனுமதித்தது. சிக்கடிப்பதைத்தான் அது தடுக்கும். கிருமிக்கு எதிரான முதல் காவலாக அதை நம்பக் கூடாது.

நம் ஊறுகாயைக் காப்பது பெரும்பாலும் உப்பும் புளிப்பும்தான். எண்ணெய் மேலே நின்று காற்றைத் தடுப்பதால் பூஞ்சை பிடிக்காது. ஆனால் காற்றில்லாத இடத்தில்தான் பாட்டுலினம் வளரும். 1985இல் கனடாவின் வான்கூவரில், அமிலம் சேர்க்காமல் எண்ணெயில் ஊறவைத்த நறுக்கிய பூண்டைச் சாப்பிட்டு 36 பேர் பாட்டுலிசத்துக்கு ஆளானார்கள். பூண்டும் இயற்கை, எண்ணெயும் இயற்கை. நியூயார்க் மாநிலத்திலும் அப்படி நடந்த பிறகு, 1989இல் அமெரிக்க அரசு அத்தகைய பொருட்களில் அமிலம் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது. நம் வீட்டுப் பூண்டு ஊறுகாயில் புளியோ எலுமிச்சையோ இல்லாமல் இருப்பதில்லை. கையைக் கடிக்கும் விலையென்று புளியைக் குறைத்து, உடம்புக்கு ஆகாதென்று உப்பையும் குறைத்து, மாதக்கணக்கில் வெளியே வைத்திருக்கும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி, இந்தச் சந்தையின் நேர்மையற்ற மூலை. பதப்படுத்திய பன்றி இறைச்சி, சாசேஜ் வகைகளில் நைட்ரைட் சேர்ப்பது பாட்டுலினத்தைத் தடுக்கவும் சிவப்பு நிறம் தரவும். அதன் புற்றுநோய் அபாயம் பேசுபொருளானதும், அமெரிக்கக் கடைகளில் ‘நைட்ரைட் சேர்க்காதது’ என்ற உறைகள் வந்தன. உள்ளே செலரிப் பொடி. செலரியில் நைட்ரேட் மிகுதி. பாக்டீரியாவைக் கொண்டு அதை நைட்ரைட்டாக மாற்றிச் சேர்க்கிறார்கள். செலரியிலிருந்து வந்தாலும் ஆலையிலிருந்து வந்தாலும் நைட்ரைட் ஒன்றுதான். கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு 2019இல் 31 இறைச்சிப் பொருட்களைச் சோதித்தபோது, இரண்டு வகைகளிலும் அளவு கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. தன் குழந்தைக்கு நல்லதென்று கூடுதல் விலை கொடுத்து வாங்கிய தாயை இது ஏமாற்றுகிறது. ரொட்டியிலும் இப்படி ஒன்று உண்டு. கால்சியம் புரோப்பியோனேட் என்று எழுதுவதற்குப் பதில், அதே அமிலத்தைப் பாக்டீரியா மூலம் உண்டாக்கி, ‘நொதிக்கவைத்த கோதுமை மாவு’ என்று எழுதுகிறார்கள். இதில் உடல்நலக் கேடு இல்லை. ஆனால் மாறியது பெயர் மட்டும்தான்.

பழைய ரசாயனங்களுக்கும் இயற்கை மூதாதைகள் உண்டு. பென்சோயிக் அமிலத்தை முதலில் எடுத்தது நாம் புகை போடும் சாம்பிராணியிலிருந்து. சார்பிக் அமிலத்தை 1859இல் ரோவன் என்ற மரத்தின் பழத்திலிருந்து பிரித்தார் ஹோஃப்மன் என்ற வேதியியலாளர்.

இயற்கையா ரசாயனமா என்ற இந்த விஷயத்தில் இந்தியச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. உப்பு, சர்க்கரை, வினிகர், தேன், மசாலா, சமையல் எண்ணெய் ஆகியவை முதல் வகுப்புப் பதப்படுத்திகள். இரண்டாம் வகுப்பில் பென்சோயேட், சல்பைட், சார்பேட்டுக்குப் பக்கத்திலேயே நைசினையும் வைத்திருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல், அளவு பார்த்துச் சேர்க்க வேண்டியதா என்று பார்த்திருக்கிறார்கள். சரியான பிரிவு அதுதான் என்பது என் கருத்து.

அடுத்த முறை கடையில் ஒரு பொருளை எடுக்கும்போது, முன்பக்கம் பெரிய எழுத்தில் உள்ள ‘இயற்கை’யை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். 211 சோடியம் பென்சோயேட், 202 பொட்டாசியம் சார்பேட், 234 நைசின், 235 நேட்டமைசின், 392 ரோஸ்மேரிச் சாறு. எந்த எண்ணுமே இல்லையென்றால், அதை எத்தனை நாளுக்குள், எந்தக் குளிரில் வைத்துச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னால் வாங்கி வந்த அன்றே ஃபிரிட்ஜில் வையுங்கள்.