உங்களுக்குத் தெரியுமா? பசிபிக்கில் மீளும் வழி கண்ட பாதிரியார்

மெக்ஸிகோவிலிருந்து பசிபிக் மகாசமுத்திரத்தில் மேற்கே செல்வது ஸ்பானியருக்குப் பிரமாத காரியமன்று. கிழக்கிலிருந்து இடையறாது வீசும் காற்றே கப்பலைக் கொண்டு சேர்த்துவிடும். ஆனால், அதே காற்றை எதிர்த்து மீள முயன்றவர்கள் 1522 முதல் பலமுறை தோற்றார்கள். 1565 ஜூன் 1 அன்று பிலிப்பைன் தீவுகளிலுள்ள செபுவிலிருந்து புறப்பட்ட 'சான் பெத்ரோ' கப்பலை, துறவு பூண்ட பழைய மாலுமியாகிய அந்திரேஸ் தே உர்தனேத்தா, வடக்கே 40 பாகையை நெருங்கும்வரை செலுத்தி, அங்கே வீசும் மேல்காற்றைத் துணைகொண்டு கலிபோர்னியாக் கரையை அடைந்து, தெற்கே திரும்பி, அக்டோபர் 8-இல் மெக்ஸிகோவின் அகபுல்கோவில் சேர்ப்பித்தார். அவர் வந்த கப்பற்கூட்டத்தை விட்டுப் பிரிந்த 'சான் லூக்காஸ்' என்ற சிறு கப்பல் ஆகஸ்டிலேயே கரைசேர்ந்துவிட்டதென்பதும், கீர்த்தியோ பாதிரியாருக்கே போயிற்றென்பதும் சரித்திரத்தின் விசித்திரம்! அவ்வழியே மணிலா வியாபாரக் கப்பல்கள் 1815 வரை ஓடின.