மீன் வீட்டில் பாலாடைக்கட்டி செய்யலாமா?

"என்ன வைத்தியரய்யா, சுக்கு, மிளகு, திப்பிலின்னு எழுதுற நீங்க சீஸ் செய்யச் சொல்லித் தர்றீங்களே?" என்று சில வாசகிகள் கேட்கக் கூடும். பெயர்தான் சீஸ். உள்ளே இருப்பது நம் வீட்டுத் தயிர். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீரை வடித்தால் மிஞ்சுவது மென்மையான பாலாடைக்கட்டி. இதைத்தான் மராட்டியர்கள் 'சக்கா' என்று சொல்லி, சர்க்கரை சேர்த்து ஸ்ரீகண்ட் செய்கிறார்கள். லெபனான் நாட்டில் உப்புப் போட்டு 'லப்னே' என்று ரொட்டியில் தடவிச் சாப்பிடுகிறார்கள். மேல்நாட்டுக் 'கிரீம் சீஸ்' பாலோடு கிரீமும் சேர்த்து உறைய வைத்துச் செய்வது. ஆனால் குடும்பம் ஒன்றுதான்.

பழவேற்காடு ஏரியோர மீனவக் கிராமங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். காரணம் உண்டு. 1613-ல் டச்சுக்காரர்கள் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கௌடா, ஈடம் என்று ஊர்ப் பெயரிலேயே சீஸ் செய்து உலகத்துக்கு விற்றவர்கள் டச்சுக்காரர்கள். அவர்களுடைய கல்லறைகள் இன்றும் பழவேற்காட்டில் இருக்கின்றன. ஆனால் சீஸ் நம் அடுக்களையில் தங்கவில்லை. தங்காததற்கு வெயில் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், "மீன் இருக்கிற வீட்டில் பாலும் தயிரும் ஆகாது" என்கிற பயம்.

<b>மீனும் தயிரும் சேர்ந்தால் வெண்படை வருமா?</b>

ஏரிக்கரையில் மடவை, இறால், நண்டு இல்லாத நாள் குறைவு. "மீன் குழம்பு வெச்ச அன்னிக்கு மோர்கூடத் தொட மாட்டோம் ஐயா" என்பார்கள் தாய்மார்கள். தினமும் மீன் என்றால் தினமும் தயிர் கிடையாது என்று ஆகிவிடுகிறது. பால் டீயோடு முடிந்து போகிறது.

இதைவிட வருத்தமான விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரு பெண் பிள்ளைக்கு வெண்படை கண்டுவிட்டால், "மீனும் தயிரும் சேர்த்துக் கொடுத்திருப்பாள்" என்று தாயின் மேல் பழி போடுகிறார்கள். பத்தியம் என்ற பெயரில் அந்தப் பிள்ளைக்கு மீனையும் நிறுத்தி, பாலையும் நிறுத்தி விடுகிறார்கள். வளர்கிற உடம்பு என்ன ஆகும்?

தெளிவாகச் சொல்கிறேன். தோலுக்கு நிறம் தரும் அணுக்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்குவதால் வருவது வெண்படை. மீனும் தயிரும் சேர்வதால் அது வருகிறது என்பதற்கு ஆதாரம் கிடையாது. வங்காளத்தில் தயிரிலேயே மீனை வேக வைத்து 'தொய் மாச்' என்று விருந்துக்கு வைக்கிறார்கள். வெண்படை தொற்றாது. ஆனால் தோலில் வெளுத்த திட்டும் அந்த இடத்தில் உணர்ச்சிக் குறைவும் இருந்தால், அது தொழுநோயா என்று அரசு மருத்துவமனையில் உடனே பார்த்துவிட வேண்டும். ஆரம்பத்தில் பார்த்தால் முழுக்கக் குணமாகும். சாப்பாட்டைக் குற்றம் சொல்லி நாளைக் கடத்தினால் நஷ்டம் நமக்குத்தான்.

"அப்போ நம் மருத்துவத்தில் சேராப் பொருள்னு சொன்னது பொய்யா?" சீரண சக்திக்கு ஏற்ப உணவைப் பிரித்துச் சாப்பிடச் சொன்னது நல்ல வழக்கம்தான். அதை விட வேண்டியதில்லை. மதியம் மீன் சாப்பாடு என்றால் காலைப் பலகாரத்தோடு பாலாடைக்கட்டி சாப்பிடுங்கள். வழக்கமும் நிற்கும், சத்தும் சேரும். இரவில் மட்டும் வேண்டாம். தயிர் கபத்தைக் கூட்டும் என்பது நம் மருத்துவக் கருத்து.

<b>செய்முறை</b>

நிறைகொழுப்புப் பால் அல்லது தண்ணீர் கலக்காத எருமைப் பால் 1 லிட்டர், புளிக்காத தயிர் 1 மேசைக்கரண்டி, பொடித்த உப்பு அரை தேக்கரண்டி. அவ்வளவுதான்.

1. பால் பொங்கி வந்த பிறகும் அடுப்பைச் சிறிதாக்கி 5 நிமிடம் கிளறிக் காய்ச்சுங்கள். கறந்த பாலில் காசநோய்க் கிருமியும், விட்டு விட்டுக் காய்ச்சல் தரும் புருசெல்லா கிருமியும் இருக்கக் கூடும். பச்சைப் பாலில் பாலாடைக்கட்டி செய்யவே கூடாது.

2. விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் உறை குத்துங்கள். கோடையில் 5, 6 மணி நேரம் போதும். மார்கழியில் 8 முதல் 10 மணி நேரம் ஆகும். தயிர் கெட்டியாக உறைய வேண்டும், ஆனால் புளிக்கக் கூடாது. அரைகுறையாக உறைந்த தயிரை நம் மருத்துவம் ஏற்பதில்லை. தேரையர் நோய் அணுகா விதியில் சொல்வது முதிர்ந்த தயிரைத்தான்.

3. வெள்ளை மல் துணியைக் கொதிநீரில் போட்டு எடுத்துப் பிழியுங்கள். கஞ்சியோ நீலமோ போட்ட துணி ஆகாது. தயிரை அதில் ஊற்றி மூட்டையாகக் கட்டி, கீழே பாத்திரம் வைத்து 1 மணி நேரம் தொங்கவிடுங்கள்.

4. பிறகு மூட்டையை வடிதட்டில் வைத்து, அடியில் பாத்திரத்தோடு ஃப்ரிட்ஜில் இரவு முழுக்க வையுங்கள். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் இரவு உறை குத்தி, விடியற்காலை 2 மணி நேரம் வடிய விட்டு, காலையிலேயே சாப்பிட்டு முடித்து விடுங்கள். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். ஈரத்துணி சுற்றிய பானை உள்ளூர்ப் பக்கம் குளிர்விப்பதுபோல அங்கே குளிர்விக்காது.

5. உப்புச் சேர்த்துக் கரண்டியால் நன்றாக அடித்தால் வெண்ணெய் போல வரும். மிளகுத்தூள், வறுத்த சீரகம், பொடியாக நறுக்கிய கறிவேப்பிலை சேருங்கள். சீரணத்துக்கு நல்லது, மந்தம் தட்டாது.

1 லிட்டர் பாலில் சுமார் 350 கிராம் கிடைக்கும். தோசை, கேழ்வரகு அடை, சப்பாத்தி எல்லாவற்றுக்கும் தொட்டுக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு உப்புக்குப் பதில் நாட்டுச் சர்க்கரையும் ஏலக்காயும் கலந்து கொடுங்கள். பித்தளைப் பாத்திரமும் அலுமினியமும் வேண்டாம். புளிப்புப் பட்டால் பித்தளை களிம்பு ஏறும். எவர்சில்வர், மண், கண்ணாடி நல்லது.

<b>வடிந்த நீரைக் கொட்டாதீர்கள்!</b>

இதைப் பலர் கவனிப்பதில்லை. தயிரின் புளிப்பு, பாலில் உள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைத்து வடிநீரோடு கொண்டு போய்விடும். கட்டியில் நிற்பது பெரும்பாலும் கொழுப்பும் புரதமும். எலும்புக்கு வேண்டியதில் பெரும் பங்கு பாத்திரத்துத் தண்ணீரில் இருக்கிறது. அந்த நீரில் சப்பாத்தி மாவு பிசையுங்கள், கம்பங்கூழ் கரையுங்கள், இஞ்சி தட்டிப் போட்டு நீர்மோர் போலக் குடியுங்கள். மாதவிடாய் நின்ற பெண்கள் கட்டாயம் இதை வீணாக்கக் கூடாது. மீனவ வீடுகளுக்கு இன்னொரு வரமும் உண்டு. முள்ளோடு சாப்பிடும் நெத்திலியிலும் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது.

<b>மீன் வீட்டுக்கு நாலு எச்சரிக்கை</b>

* இறால் உரித்த கையால் தயிர் மூட்டையைத் தொடாதீர்கள். கடல் மீனிலும் இறாலிலும் உள்ள விப்ரியோ கிருமி வாந்தி பேதியைக் கொண்டு வரும். கத்தி, பலகை, பாத்திரம் எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும்.

* ஃப்ரிட்ஜில் மீன் கீழ்த்தட்டில், பாலாடைக்கட்டி மேல்தட்டில், மூடியோடு. மீன் தண்ணீர் சொட்டக் கூடாது. மூடாவிட்டால் கவிச்சி வாடையும் ஏறும்.

* 3 நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். நிறம் மாறினாலோ, பூஞ்சை கண்டாலோ, கசந்தாலோ முழுவதையும் கொட்டி விடுங்கள். மேலே சுரண்டி எடுத்துவிட்டுச் சாப்பிடக் கூடாது. கர்ப்பிணிகள் அன்றன்று செய்ததை மட்டும் சாப்பிடட்டும். மென்மையான சீஸில் வளரும் லிஸ்டீரியா கிருமி கருவையே பாதிக்கும். அது ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரக் கூடியது.

* கருவாடு புழங்கும் வீட்டில் உப்பு ஏற்கெனவே அதிகம். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் பாலாடைக்கட்டியில் உப்பே போட வேண்டாம். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கும் உப்புக் கூடாது.

<b>எவ்வளவு சாப்பிடலாம்?</b>

பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 2 மேசைக்கரண்டி போதும். கடைக் கிரீம் சீஸில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. நம் வீட்டுக் கட்டியில் ஏறக்குறைய அதில் பாதி. அதற்காகக் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட முடியாது. மாரடைப்பு வந்தவர்களும் கொழுப்பு அதிகம் உள்ளவர்களும் ஆடை நீக்கிய பாலில் செய்துகொள்ளலாம். சளி, இரைப்பு உள்ளவர்கள் மழைக்காலத்தில் குறைத்துக்கொள்வது நல்லது.

வலையில் வந்த மீனும் மாட்டில் கறந்த பாலும் ஒன்றுக்கொன்று பகை இல்லை. பகை அழுக்குக் கையும், காய்ச்சாத பாலும், நாள் கடந்த பண்டமும்தான். இந்த மூன்றையும் தள்ளி வைத்துவிட்டுத் தைரியமாகச் செய்து பாருங்கள். முதல் முறைக்கு அரை லிட்டர் பாலே போதும்.