12 மணி நேர வேலை மசோதா: 9 நாளில் நிறைவேறியது, 10 நாளில் வாபஸ் ஆனது எப்படி? ஒரகடம் தொழிலாளர்கள் தெரிஞ்சுக்க வேண்டிய கணக்கு

வாலாஜாபாத்:

சட்டசபையில் மசோதா தாக்கல் என்று செய்தி வந்தால், "அது கோட்டை விவகாரம், நமக்கென்ன" என்று பேப்பரை மடித்து வைத்துவிட்டு கம்பெனி பஸ் பிடிக்க ஓடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் அந்த பஸ் எத்தனை மணிக்கு திரும்பி வரும், அன்றைய கூலி எவ்வளவு என்பதையே மாற்றிவிடும் சக்தி ஒரு மசோதாவுக்கு உண்டு.

2023-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அப்படி ஒரு மசோதா வந்தது. தாக்கலான 9-வது நாளில் நிறைவேறியது. அதற்கு அடுத்த 10-வது நாளில் வாபஸ் ஆனது.

வாலாஜாபாத், ஒரகடம், சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கார், பைக், செல்போன், டி.வி., உதிரிபாகம் என்று பல கம்பெனிகள் ஓடுகின்றன. இங்கே வேலைக்கு போகிற ஒவ்வொருவருக்கும் அந்த மசோதாவின் கதை தெரிந்திருக்க வேண்டும். காரணம், அதே பிரச்சினை இப்போது வேறு வாசல் வழியாக வர வாய்ப்பு இருக்கிறது.

மசோதாவில் என்ன இருந்தது?

1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின்படி ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்பு சம்பளம். 5 மணி நேரத்துக்கு மேல் ஒரேயடியாக வேலை வாங்கக்கூடாது. நடுவில் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும். வாரத்தில் ஒரு நாள் லீவு.

இந்த சட்டத்தில் 65-ஏ என்ற புது பிரிவை சேர்க்க தமிழக அரசு மசோதா கொண்டு வந்தது. தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி.கணேசன் 2023 ஏப்ரல் 12-ந்தேதி தாக்கல் செய்தார்.

சுருக்கமாக சொன்னால், எந்த தொழிற்சாலைக்கு வேண்டுமானாலும், அல்லது எந்த வகை தொழிற்சாலைகளுக்கு வேண்டுமானாலும், சட்டத்தின் 51, 52, 54, 55, 56, 59 ஆகிய பிரிவுகளில் இருந்து அரசு விலக்கு தரலாம் என்பதுதான் அது.

நம்பராக பார்த்தால் ஒன்றும் புரியாது. 51 என்பது வாரத்துக்கு 48 மணி நேரம். 52 வார லீவு. 54 தினசரி 9 மணி நேரம். 55 ஓய்வு இடைவேளை. 56 வேலையும் இடைவேளையும் சேர்த்து உள்ளே இருக்கும் மொத்த நேரம். 59 ஓவர்டைமுக்கு இரட்டிப்பு சம்பளம். ஆக, தொழிலாளி வேலை நேரத்துக்கு வேலியாக இருந்த அத்தனை பிரிவும் அந்த ஆறு நம்பருக்குள் அடங்கிவிட்டது.

அரசு சொன்ன காரணம்

வேலை நேரத்தில் நெகிழ்வு வேண்டும் என்று தொழில் அமைப்புகள் கேட்டன, பக்கத்து மாநிலங்கள் சட்டத்தை மாற்றிவிட்டன, முதலீடு வந்தால் வேலைவாய்ப்பு பெருகும் என்பது அரசு தரப்பு வாதம். கர்நாடகா 2023 பிப்ரவரியிலேயே 12 மணி நேரத்துக்கு வழிவகுத்து மசோதா நிறைவேற்றி இருந்தது.

வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதில் மாற்றம் இல்லை, 4 நாள் வேலை பார்த்தால் 3 நாள் சம்பளத்தோடு லீவு, விருப்பம் உள்ள தொழிலாளர்களுக்கு மட்டும், சில துறைகளுக்கு மட்டும் என்று அமைச்சர்கள் விளக்கம் கொடுத்தார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த 4 நாள், 3 நாள் கணக்கு மசோதாவில் எழுதப்படவில்லை. அரசு விதிக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு விலக்கு தரலாம் என்றுதான் இருந்தது. என்ன நிபந்தனை என்பது பிறகு அரசு போடும் உத்தரவில்தான் தெரியும். நாளைக்கு கோர்ட்டில் போய் நின்றால் அமைச்சர் மைக்கில் சொன்னது செல்லாது. சட்டத்தில் எழுதி இருப்பதுதான் செல்லும்.

பாக்கெட்டுக்கு என்ன கணக்கு?

கணக்குக்காக மணிக்கு 100 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். அவசர வேலை என்று தனி அனுமதி வாங்கி ஒரு கம்பெனி 12 மணி நேரம் வேலை வாங்குகிறது. பழைய சட்டப்படி முதல் 9 மணி நேரத்துக்கு 900 ரூபாய். மீதி 3 மணி நேரத்துக்கு இரட்டிப்பாக 600 ரூபாய். மொத்தம் 1,500 ரூபாய்.

59-வது பிரிவில் இருந்து விலக்கு கொடுத்துவிட்டால்? அதே 12 மணி நேரத்துக்கு 1,200 ரூபாய்தான். ஒரு நாளைக்கு 300 ரூபாய் போச்சு. வாரத்தில் 4 நாள் அப்படி உழைத்தால் 1,200 ரூபாய் போச்சு.

இது பணக்கணக்கு மட்டும். வாலாஜாபாத்தில் இருந்தோ உத்திரமேரூர் பக்கத்தில் இருந்தோ பஸ்சில் போய் வருகிறவர்களுக்கு போக்குவரத்து நேரம் தனி. 12 மணி நேர வேலையோடு பஸ் நேரத்தையும் கூட்டினால் வீட்டில் இருப்பது தூங்குகிற நேரம்தான். வீட்டு வேலையும் சேர்ந்த பெண் தொழிலாளிக்கு அந்த தூக்கமும் பாதி.

கடைசி நாளில் குரல் ஓட்டெடுப்பு

2023 ஏப்ரல் 21-ந்தேதி. பட்ஜெட் கூட்டத்தொடரின் கடைசி நாள். அன்றுதான் மசோதா ஓட்டெடுப்புக்கு வந்தது. காங்கிரஸ், இரு கம்யூனிஸ்டு கட்சிகள், விடுதலை சிறுத்தைகள் உள்ளிட்ட ஆளுங்கட்சியின் கூட்டணி கட்சிகளே எதிர்த்து வெளிநடப்பு செய்தன. அப்படியும் குரல் ஓட்டெடுப்பில் மசோதா நிறைவேறியது.

குரல் ஓட்டெடுப்பு என்றால், ஆதரிப்பவர்கள் 'ஆம்' என்பார்கள், எதிர்ப்பவர்கள் 'இல்லை' என்பார்கள். எந்த சத்தம் பெரிது என்று பார்த்து சபாநாயகர் முடிவை அறிவிப்பார். யார் எந்த பக்கம் ஓட்டு போட்டார் என்று ஒவ்வொரு எம்.எல்.ஏ. பெயரும் அதில் பதிவாகாது.

தமிழ்நாட்டில் மேலவை 1986-ம் ஆண்டே கலைக்கப்பட்டுவிட்டது. டெல்லியில் மக்களவையில் நிறைவேறிய மசோதா மாநிலங்களவைக்கு போக வேண்டும். இங்கே அந்த இரண்டாவது வடிகட்டி கிடையாது. 234 பேர் உள்ள ஒரே சபை ஓ.கே. சொல்லிவிட்டால் சபை வேலை முடிந்தது.

பிறகு நின்றது எப்படி?

சபையில் நிறைவேறினாலும் மசோதா உடனே சட்டம் ஆகிவிடாது. அரசியல் சட்டத்தின் 200-வது பிரிவின்படி கவர்னருக்கு போக வேண்டும். அவர் ஒப்புதல் தரலாம், தராமல் சபைக்கே திருப்பி அனுப்பலாம், ஜனாதிபதிக்கு அனுப்பலாம். தொழிலாளர் விவகாரம் மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலில் இருக்கிறது. அதனால் மத்திய சட்டத்துக்கு மாறாக மாநிலம் சட்டம் போட்டால், அது செல்ல ஜனாதிபதி ஒப்புதல் தேவை. எல்லாம் முடிந்து கெஜட்டில் வந்து, அமலுக்கு வரும் தேதி குறித்தால்தான் அது சட்டம்.

இந்த இடைவெளிதான் 2023-ல் கை கொடுத்தது. தொழிற்சங்கங்கள் கட்சி பார்க்காமல் ஒன்று சேர்ந்தன. ஆளுங்கட்சியை சேர்ந்த தொ.மு.ச.வும் எதிர்ப்பு தெரிவித்தது. வேலைநிறுத்த அறிவிப்பும் வந்தது. ஏப்ரல் 24-ந்தேதி கோட்டையில் அமைச்சர்கள் சங்க பிரதிநிதிகளோடு பேசினார்கள். அன்றே மசோதா மீதான மேல் நடவடிக்கை நிறுத்தி வைக்கப்படுவதாக முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். மே 1-ந்தேதி சென்னை சிந்தாதிரிப்பேட்டை மே தின பூங்காவில், மசோதா வாபஸ் என்றும் அறிவித்தார்.

அந்த தேதிக்கு இன்னொரு சிறப்பு உண்டு. இந்தியாவில் முதல் மே தினத்தை 1923-ம் ஆண்டு சென்னை கடற்கரையில் கொண்டாடியவர் சிங்காரவேலர். சரியாக 100 ஆண்டு கழித்து அதே சென்னையில் 12 மணி நேர மசோதா கைவிடப்பட்டது.

எல்லா மசோதாவும் நிற்பதில்லை

அதே 2023 ஏப்ரல் 21-ந்தேதி விவாதமே இல்லாமல் இன்னொரு மசோதாவும் நிறைவேறியது. சிறப்பு திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்பு மசோதா. 100 எக்டேருக்கு குறையாத பெரிய திட்டங்களின் நடுவில் ஏரி, ஓடை, வாய்க்கால் போன்ற அரசு நிலங்கள் வந்தால் அவற்றை திட்டத்தோடு சேர்க்க வழிசெய்வது அது. பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து போராடும் ஏகனாபுரம் பக்கத்து கிராமங்கள் நிறைந்த இந்த வட்டாரத்துக்கு நேரடியாக தொடர்பு உள்ள விஷயம். 12 மணி நேர மசோதாவுக்கு எழுந்த அளவு சத்தம் இதற்கு எழவில்லை. கவர்னர் ஒப்புதலும் கிடைத்து அது சட்டம் ஆகிவிட்டது.

மசோதா என்றாலே ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். ஜவுளிக்கடை, நகைக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021 செப்டம்பரில் கொண்டு வந்ததும் மசோதாதான். அதை தாக்கல் செய்தவரும் இதே அமைச்சர் சி.வி.கணேசன்தான். 2018-ல் கேரளா காட்டிய வழி அது.

இப்போது நிலைமை என்ன?

இங்கேதான் தொழிலாளர்கள் கவனமாக இருக்க வேண்டும். மத்திய அரசின் 4 தொழிலாளர் சட்ட தொகுப்புகள் 2025 நவம்பர் 21-ந்தேதி அமலுக்கு வந்தன. பழைய தொழிற்சாலைகள் சட்டம் அதில் ஒரு தொகுப்புக்குள் போய்விட்டது.

புது தொகுப்பில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்று இருக்கிறது. ஓவர்டைமுக்கு இரட்டிப்பு சம்பளம், தொழிலாளி சம்மதம் வேண்டும் என்றும் இருக்கிறது. ஆனால் இடைவேளை எப்படி, மொத்தம் எவ்வளவு நேரம் உள்ளே வைத்திருக்கலாம், ஓவர்டைம் எத்தனை மணி நேரம் வரை போகலாம் என்பதெல்லாம் அரசு போடும் அறிவிக்கையிலும் விதியிலும்தான் முடிவாகும். மசோதாவாக வந்தால் சபையில் நாலு பேர் எழுந்து நின்று எதிர்ப்பார்கள், டி.வி.யில் வரும். அறிவிக்கை சத்தம் இல்லாமல் கெஜட்டில் வந்துவிடும்.

அறிவிக்கையையும் நிறுத்த முடியும். கொரோனா நேரத்தில் 2020 ஏப்ரலில் குஜராத் அரசு அறிவிக்கை மூலமாகவே 12 மணி நேர வேலையை கொண்டு வந்தது. ஓவர்டைமுக்கு இரட்டிப்பு சம்பளம் தர வேண்டாம் என்றது. தொழிற்சங்கம் வழக்கு போட்டது. 2020 அக்டோபர் 1-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து செய்தது.

எதை பார்க்க வேண்டும்?

மசோதாவோ அறிவிக்கையோ வந்தால் மூன்று விஷயம் பார்த்தால் போதும்.

1. விலக்கு தரும் அதிகாரம் யாருக்கு? சபைக்கா, அரசு உத்தரவுக்கா?

2. எந்த பிரிவில் இருந்து விலக்கு? அந்த நம்பருக்கு என்ன அர்த்தம்?

3. அமைச்சர் வாயால் சொல்லும் நிபந்தனை எழுத்திலும் இருக்கிறதா?

மசோதாக்கள் சட்டசபை இணையதளத்தில் வெளியிடப்படுகின்றன. விதிகளை இறுதி செய்யும் முன் வரைவை வெளியிட்டு ஆட்சேபம் கேட்கும் முறையும் இருக்கிறது. சங்கத்தில் சேராத கான்ட்ராக்ட் தொழிலாளியும் தபாலில் தன் கருத்தை எழுதி போடலாம்.

2023-ல் சபைக்குள் ஓட்டு எண்ணிக்கையால் நிற்காத மசோதா, வெளியே எழுந்த எதிர்ப்பால் நின்றது. கெஜட்டில் வந்த பிறகு கோர்ட்டு வாசலில் வருஷக்கணக்கில் நிற்பதைவிட, தாக்கலான அன்றைக்கே "இதில் என்ன எழுதி இருக்கு" என்று கேட்பது செலவு குறைந்த வழி.