கொட்டானுக்கு என்ன விலை சொல்வது?

பனை ஓலையில் பெட்டி முடையத் தெரிந்த பெண்கள் தூத்துக்குடி, திருநெல்வேலி, ராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களில் இன்னும் ஏராளமாக இருக்கிறார்கள். கை வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால், 'இது என்ன விலை?' என்று ஒருவர் கேட்டால் பாதிப் பேருக்குப் பேச்சு வருவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன விலையையோ, போன வருஷம் வியாபாரி கொடுத்த விலையையோ சொல்லிவிடுகிறார்கள். நெல்லுக்கும் தேங்காய்க்கும் விலையை அடுத்தவர்தான் வைக்கிறார் என்று வருத்தப்படும் குடும்பங்கள், தாங்களே விலை வைக்கக்கூடிய ஒரே பொருளிலும் அந்த உரிமையை விட்டுக்கொடுக்கின்றன.

2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. தடை எவ்வளவு தூரம் நடைமுறையில் இருக்கிறது என்பது வேறு கதை. ஆனாலும் கல்யாணத் தாம்பூலம், வளைகாப்பு, நவராத்திரி கொலு, கருப்பட்டி, பலகாரக் கடை என்று ஓலைக் கொட்டானுக்குப் புதிய இடங்கள் கிடைத்திருக்கின்றன. வாய்ப்பு வந்திருக்கும் நேரத்தில் கணக்குத் தெரியாமல் இறங்கினால், வேலை கூடும். வீட்டுக்கு வரும் காசு கூடாது.

கூலியைக் கணக்கில் எழுதாத கணக்கு

ஒரு பெண் மூடி போட்ட நடுத்தர ஓலைப்பெட்டி ஒன்று முடைகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓலைக்கு 20 ரூபாய், சாயத்துக்கும் விறகுக்கும் 6 ரூபாய். ஓலை வார்வது, ஈர்க்கு எடுப்பது, சாயம் காய்ச்சுவது, முடைவது, ஓரம் கட்டுவது எல்லாம் சேர்த்து 4 மணி நேரம் ஆகிறது. வியாபாரி 90 ரூபாய் கொடுத்து வாங்கிப் போகிறார். '26 ரூபாய் போட்டு 90 ரூபாய் எடுத்தேன், 64 ரூபாய் லாபம்' என்பார் அந்தப் பெண். அது லாபம் இல்லை. 4 மணி நேரக் கூலி. மணிக்கு 16 ரூபாய். 8 மணி நேரம் உட்கார்ந்தாலும் 128 ரூபாய்தான். நூறு நாள் வேலைக்குத் தமிழகத்தில் 2025-26ம் ஆண்டுக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலியே 336 ரூபாய். பெட்டி முடைவது அதைவிடத் திறமை வேண்டிய வேலை.

சரியான கணக்கு இப்படி இருக்க வேண்டும். 336 ரூபாயை 8 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 42 ரூபாய். 4 மணி நேரத்துக்கு 168. பொருள் செலவு 26 சேர்த்தால் 194. பத்துப் பெட்டியில் ஒன்று கோணலாகவோ, சாயம் திட்டாகவோ போகும். அதற்கு 20 ரூபாய் சேர்த்தால் 214. கட்டுவது, பஸ் கட்டணம் என்று ஒரு பெட்டிக்கு 10 ரூபாய் போட்டால் 224. இதற்கு மேல் பத்து சதவிகிதம் வைத்தால்தான் அடுத்த பருவத்துக்கு ஓலை வாங்கக் கையில் காசு நிற்கும். ஆக, 250 ரூபாய்க்குக் குறைந்தால் நஷ்டம் என்று தைரியமாகச் சொல்லலாம். ஓலை விலையும் வேகமும் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். அவரவர் ஒரு நோட்டில் பத்துப் பெட்டிக்கான நேரத்தைக் கடிகாரம் பார்த்து எழுதினால் அவரவர் விலை வந்துவிடும். விதைநேர்த்தி முதல் அறுவடை வரை செலவு எழுதும் விவசாயிகளே குறைவு என்பதால், இதைப் பெரிய குற்றமாகச் சொல்வதற்கில்லை.

250 ரூபாய்க்கு யார் வாங்குவார்கள் என்ற கேள்வி அடுத்து வரும். நியாயமான கேள்வி. ஊர்ச் சந்தையில் வாங்க மாட்டார்கள். நகரத்துக் கடைக்காரர் தன் வாடகை, ஆள் கூலி எல்லாம் சேர்த்து வாங்கிய விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கில் விற்பார். 500 ரூபாய்க்கு அந்தப் பெட்டி போகாது என்று அவருக்குத் தோன்றினால் தொடவே மாட்டார். அப்போது விலையைக் குறைப்பதைவிடப் பொருளை மாற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

சின்ன கொட்டானில்தான் காசு

அதே பெண் தாம்பூலத்துக்கான சின்ன கொட்டான் முடைந்தால், கை பழகிய பிறகு ஒன்றுக்கு 40 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கூலி 28 ரூபாய், ஓலை 5, சாயம் 1, கழிவுக்கு 3. மொத்தம் 37. மொத்தமாக எடுப்பவருக்கு 45 ரூபாய், சில்லறைக்கு 60 என்று சொல்லலாம். கல்யாண வீட்டுக்காரருக்கு 45 ரூபாய் பெரிய தொகையாகத் தெரியாது. மொத்த ஆர்டரும் கிடைக்கும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 200 கொட்டான் வேண்டும் என்று போன் வந்தவுடன் 'சரி' என்று சொல்லிவிடுவார்கள். 200 கொட்டானுக்கு 40 நிமிடம் வீதம் 133 மணி நேரம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, சமைத்து, களை எடுக்கப் போய் வந்த பிறகு ஒரு நாளைக்கு 3 மணி நேரம்தான் கிடைக்கும் என்றால், ஒருவர் முடிக்க 44 நாள் ஆகும். மூன்று பேர் சேர்ந்தால் 15 நாள். ஓலை காயும் நாட்கள் தனி. கல்யாணத் தேதி தள்ளிப்போகாது. முகூர்த்தத்துக்கு மறுநாள் போய்ச் சேரும் கொட்டானை யாரும் வாங்க மாட்டார்கள். அடுத்த ஆர்டரும் வராது.

அதனால் ஆர்டர் பிடிக்கும் முன்பே தெருவில் யார் யார் முடைவார்கள், யார் கை ஒரே அளவாக வரும் என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அளவு பிசகாமல் இருக்க ஓர் எளிய வழி உண்டு. ஒரே அளவுள்ள தகர டப்பாவையோ மரக்கட்டையையோ அச்சாக வைத்து, அதன் மேல் முடைவது. மூன்று வீட்டில் முடைந்தாலும் கொட்டான் ஒரே மாதிரி வரும். ஆர்டர் கொடுப்பவரிடம் ஒரு மாதிரிக் கொட்டானைக் கொடுத்து, அதேபோல ஒன்றைத் தன்னிடமும் வைத்துக்கொள்ள வேண்டும். 'நான் கேட்டது இந்த அளவு இல்லை' என்ற பேச்சுக்கு அப்புறம் இடமில்லை. பாதிப் பணம் முன்பணமாக வாங்காமல் ஓலையில் கை வைக்கக் கூடாது. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும் இதுதான்.

பஞ்சாங்கத்தையும் மழையையும் பார்த்து

பயிருக்குப் பட்டம் இருப்பதுபோல இந்தத் தொழிலுக்கும் உண்டு. ஆடி, புரட்டாசி, மார்கழியில் கல்யாணம் இருக்காது. புரட்டாசியில் நவராத்திரி வருவதால் கொலுவுக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் கொட்டானுக்குக் கிராக்கி இருக்கும். தையிலும் வைகாசி, ஆவணியிலும் முகூர்த்தம் நெருக்கமாக வரும். தெற்கு மாவட்டங்களில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை, ஓலை காயாது. ஆகவே ஆடியில் முடைந்து புரட்டாசிக்கும், புரட்டாசி வெயில் முடிவதற்குள் ஓலையை வார்ந்து காயவைத்துத் தைக்கும் தயாராக வேண்டும். வேலை இல்லாத மாதம் என்று ஆடியில் சும்மா இருப்பவர், தையில் ஆர்டரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும்.

கையிருப்பு வைக்கும்போது பூஞ்சணம்தான் எதிரி. ஈரத்தோடு நெல்லை மூட்டை கட்டினால் என்ன ஆகுமோ அதேதான் கொட்டானுக்கும் ஆகும். முடைவதற்கு ஓலையை நனைத்துப் பதப்படுத்துவதால், முடைந்து முடித்த பிறகு நிழலில் காற்றோட்டமாக நன்றாக உலர்த்தி, அதன் பின்தான் அடுக்க வேண்டும். பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டக் கூடாது. உள்ளே வியர்த்துக் கரும்புள்ளி விழும். துணியிலோ காகிதத்திலோ சுற்றி, தரையிலிருந்து உயர்த்தி வைக்கலாம். பலகாரம் வைக்கும் கொட்டானுக்கு உள்பக்கம் சாயம் போடாத வெள்ளோலையாக இருப்பது நல்லது. சாயப் பொருளை ஈரத்துணியால் தேய்த்துப் பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும். பட்டுப்புடவையில் சாயம் ஒட்டினால் கொட்டான் விலையோடு போகாது.

ஓலைக்காக மரத்தின் குருத்தை மொட்டையடிப்பதும் தவறு. புதிதாக வரும் குருத்தை எல்லாம் வெட்டிக்கொண்டே போனால் மரம் நொடித்துப்போகும். பதநீர் இறக்கும் மரம் என்றால் இழப்பு இன்னும் அதிகம். சாரோலையில் செய்யக்கூடிய பொருளைச் சாரோலையிலேயே செய்து, குருத்தோலையை மெல்லிய வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது. பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ல் அரசு அறிவித்ததும் இந்த மரத்தைக் காப்பாற்றத்தான்.

பெயரை வைத்து விற்பது

செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. பத்தமடைப் பாய்க்கும் உண்டு. காரைக்குடிப் பக்கம் மறைந்துகொண்டிருந்த கொட்டான் வேலையை எம்.ஆர்.எம்.ஆர்.எம். கலாசார அறக்கட்டளையும் அதை நிறுவிய விசாலாட்சி ராமசாமியும் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து மீட்டெடுத்தார்கள். பழைய வீடுகளில் இருந்த அளவுகளையும் வடிவங்களையும் பார்த்துத் தரத்தை உறுதிசெய்த பிறகே வெளிச்சந்தைக்குப் போனார்கள் என்பதுதான் அதில் கவனிக்க வேண்டிய விஷயம். அந்தப் பெயர் விலை பெறுகிறது என்பதற்காக மற்ற மாவட்டத்துப் பொருளில் 'செட்டிநாடு கொட்டான்' என்று சீட்டு ஒட்டக் கூடாது, சட்டப்படி தவறு. மணப்பாடு போன்ற கடலோர ஊர்களுக்கே ஓலை வேலையில் நல்ல பெயர் இருக்கிறது. சொந்த ஊர்ப் பெயரையே ஒரு சின்ன அட்டையில் எழுதிக் கட்டினால் போதும். முடைந்தவர் பெயர், ஊர், எத்தனை மணி நேர வேலை, ஈரம் படாமல் வைக்க வேண்டும் என்ற குறிப்பு. நகரத்தில் வாங்குபவர் அந்த அட்டையையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்.

எங்கே கொண்டுபோவது?

சுய உதவிக் குழுவில் இருப்பவர்களுக்கு மகளிர் திட்ட அலுவலகம் முதல் வாசல். மாவட்டக் கண்காட்சி, கல்லூரிச் சந்தை ஆகியவற்றில் கடை போட அங்கேதான் பெயர் கொடுக்க வேண்டும். கண்காட்சியில் விற்பது ஒரு பங்குதான்; அங்கே கிடைக்கும் போன் நம்பர்கள்தான் வருஷம் முழுக்கச் சோறு போடும். வந்தவர் பெயரையும், எப்போது என்ன விசேஷம் என்பதையும் நோட்டில் எழுதாமல் திரும்பினால் பாதி வேலைதான் நடந்தது என்று அர்த்தம். அரசின் பூம்புகார் விற்பனை நிலையங்களிலும் கைவினைப் பொருட்களுக்கு இடம் உண்டு. 'வைத்துவிட்டுப் போங்கள், விற்றால் பணம்' என்று சொல்லும் தனியார் கடைகளில் எண்ணிக்கை, விலை, எத்தனை நாளில் கணக்கு முடிப்பது என்று எழுதிக் கையெழுத்து வாங்காமல் வைக்கக் கூடாது. வெயிலில் நிறம் மங்கித் திரும்பி வரும் பொருள் யார் தலையில் விழும் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

வாட்ஸ்அப் பிசினஸ் இலவசம். காலை வெளிச்சத்தில், வெள்ளை வேட்டியை விரித்து, பக்கத்தில் ஒரு தேங்காயை வைத்துப் படம் எடுத்தால் அளவு தெரிந்துவிடும். படத்தின் கீழே நீளம், உயரம், விலை, எத்தனை நாளில் கிடைக்கும் என்று எழுத வேண்டும்.

வெளியூருக்கு அனுப்பும்போது ஒரு கணக்குப் பலரைக் கடிக்கிறது. ஓலைப் பொருளுக்குக் கனம் இல்லை, இடம் அடைக்கும். பல கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீள, அகல, உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுத்து, வருவதைக் கிலோவாக எடுத்துக்கொள்கின்றன. 40 சென்டிமீட்டர் சதுரப் பெட்டி, உள்ளே 2 கிலோ சரக்கு என்றாலும் 12.8 கிலோவுக்குக் கட்டணம் கேட்பார்கள். வாய் சற்று அகன்ற கொட்டான்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கலாம். பெரியது, நடுத்தரம், சின்னது என்று மூன்றை ஒரே தொகுப்பாக விற்றால் மூன்றும் ஒரு பெட்டி இடத்தில் அடங்கும். தபால் பார்சல் கட்டணத்தையும் கேட்டு, இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு விலை சொல்வது நல்லது.

தொழிலைப் பதிவு செய்யும் உத்யம் சான்றிதழுக்குக் கட்டணம் கிடையாது. இணையத்தில் இலவசமாக எடுக்கலாம். ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு கேட்கும் இடைத்தரகரிடம் போக வேண்டியதில்லை. பொருள் விற்பனை வருஷத்துக்கு 40 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும்வரை ஜி.எஸ்.டி. பதிவு என்று பொதுவாகப் பயப்படவும் வேண்டாம். கடன் தேவைப்படுவோர் மாவட்டத் தொழில் மையத்தில் கலைஞர் கைவினைத் திட்டம் பற்றிக் கேட்கலாம். 35 வயது நிரம்பிய கைவினைஞர்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 சதவிகிதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் உண்டு. ஆனால், ஓலை முடைய எந்திரம் தேவையில்லை. பருவத்தில் ஓலை வாங்கிப் போடும் அளவுக்கு மட்டும் வாங்கினால் தவணை கழுத்தை நெரிக்காது.

போனில் ஆர்டர் வர ஆரம்பித்தவுடன் மோசடிக்காரர்களும் வருவார்கள். 'மொத்தம் 500 கொட்டான் வேண்டும், முன்பணம் அனுப்புகிறேன், இந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள்' என்று ஒருவர் சொன்னால் உடனே போனை வைத்துவிட வேண்டும். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் எப்போதுமே தேவையில்லை. பணம் நம் கணக்கிலிருந்து வெளியே போவதற்குத்தான் அது வேண்டும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் சொல்ல வேண்டும்.