மழை மலையில் தண்ணீர்ப் பஞ்சம்

மாசி பிறந்துவிட்டால் ஏலப்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் நம் மக்களுக்குக் குடிநீர்க் கவலை தொடங்கிவிடுகிறது. ஆனியிலும் ஆடியிலும் ஓயாது மழை கொட்டும் ஊரில் ஊற்று வற்றுவதாவது என்று வெளியூர் அன்பர்கள் ஐயுறலாம். ஐயம் நியாயமானதே.

2016ஆம் ஆண்டில் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை வழக்கத்தினும் நூற்றுக்கு 34 பங்கு குறைந்தது. 14 மாவட்டங்களும் வறட்சியுற்றவை என்று அரசு அறிவித்தது. இரண்டே ஆண்டுகள் கழித்து, 2018 ஆகஸ்டில், வெள்ளம் பெருகிச் செறுதோணி அணையின் மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டன. 2023இல் மீண்டும் அதே 34 பங்கு குறைவு!

காற்றின் வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால், அது தாங்கவல்ல நீராவி ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கு மிகுகிறது. ஆதலின் பெய்யும்போது மழை கடுமையாகப் பெய்யக்கூடும். சரிவான மலையில் அத்தகைய மழை மண்ணில் ஊறுவதற்கு முன்னரே ஓடையில் இறங்கிவிடும். ஆண்டுக் கணக்கில் மழை குறையாதிருந்தும் லயத்தருகேயுள்ள ஊற்று பங்குனிவரை தாங்காமற் போவது இவ்வாறுதான்.

வருங்கால நிலையை விஞ்ஞானிகள் கணிப்பொறியின் துணைகொண்டு கணிக்கின்றனர். உலகையே கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காற்றும் ஈரமும் வெப்பமும் எவ்வாறு மாறும் என்று கணக்கிடுகின்றனர். உலகளாவிய கணக்குகள் பலவற்றில் ஒரு கட்டத்தின் பக்கம் 100 கிலோமீட்டர் அளவினது. ஏலப்பாறைக்கும் கம்பத்துக்கும் நேர்கோட்டில் 40 கிலோமீட்டர்கூட இல்லை. மழை முகமான மேற்குச் சரிவும், மழை மறைவான கம்பம் பள்ளத்தாக்கும் ஒரே கட்டத்தில் அடங்கினால், கிடைக்கும் எண் இரண்டு ஊருக்கும் பொருந்தாது. எனவே சிறு கட்டங்களாக மீண்டும் பிரித்து, மண், காடு, தேயிலை, நீர் ஆவியாதல் ஆகியவற்றையும் சேர்த்து ஓடைநீரைக் கணிக்க வேண்டியிருக்கிறது.

இக்கணக்கு நமக்கு இரு வகையில் உறவுடையது. 1895 முதல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கவழியே வைகைப் படுகைக்குச் செல்கிறது. மலையில் வாழும் தமிழர் குடிப்பதும், கம்பத்தில் அவர்தம் உறவினர் நெல்லுக்குப் பாய்ச்சுவதும் இம்மலைகளின் மழையே.

கணிப்பு மெய்யா என்று அறிய, கடந்த ஆண்டுகளை அதனிடம் கொடுத்து, உண்மையில் அளந்த மழையோடு ஒப்பிடுவர். அளந்தவர்கள் யார்? தோட்ட அலுவலகத்து மழைமானியைக் காலைதோறும் பார்த்துக் குறித்துவைத்த கணக்கப்பிள்ளைகளும் அவர்களுள் அடங்குவர். 2000ஆம் ஆண்டையொட்டிப் பீர்மேடு வட்டாரத்தில் தோட்டங்கள் சில மூடப்பட்டன. மூடிய தோட்டத்தில் மழைமானியைப் பார்ப்பவர் எவர்? உங்கள் இல்லத்துப் பெரியவர் எழுதிய மழைக் குறிப்பேடு பரணில் இருந்தால், பழைய தாள் வாங்குபவரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தேதியும் தோட்டத்தின் பெயரும் தெளிவாக இருந்தால் போதும். கறையான் அரித்த ஏடாயினும் பயன்படும்.