உங்களுக்குத் தெரியுமா? வேலையும் பார்த்தார்கள், வென்றும் காட்டினார்கள்!

விடிகாலையில் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போய் வந்தவர், சாயங்காலம் மணலில் வாலிபால் வலைக்கு முன்னால் நிற்பார். புதுச்சேரியின் வீராம்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் இது அன்றாடக் காட்சி. இன்று கோடிகளில் புரளும் விளையாட்டு உலகமும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. கப்பல் கேப்டன், கார் தொழிற்சாலைத் தொழிலாளி, டாக்டர், வாத்தியார், வக்கீல் என்று ஆளுக்கொரு பிழைப்பு இருந்தது. வேலை நேரம் போக மிச்ச நேரத்தில்தான் விளையாட்டு. அப்படிச் சிலரைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வோமா?

★ பாக்கு நீரிணையை முதலில் நீந்தியவர்

1954 மார்ச். யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி, வல்வெட்டித்துறையில் கடலில் இறங்கினார். சுமார் 27 மணி நேரம் நீந்தி நம் கோடியக்கரையில் கரையேறினார். பாக்கு நீரிணையை நீந்திக் கடந்ததாகப் பதிவான முதல் மனிதர் இவர்தான். அதே ஆண்டு நவம்பரில்தான் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது.

★ போனதோடு நிற்கவில்லை, திரும்பியும் வந்தார்

வல்வெட்டித்துறை வக்கீல் வி. எஸ். குமார் ஆனந்தனை ஈழத் தமிழர்கள் ‘ஆழிக்குமரன்’ என்றே அழைப்பார்கள். 1971இல் பாக்கு நீரிணையில் போகவும் வரவும் ஒரே மூச்சாக 51 மணி நேரம் நீந்தினார். கடலில் மட்டுமல்ல, தரையிலும் மனிதர் சும்மா இருக்கவில்லை. ஒற்றைக்காலில் 33 மணி நேரம் நின்றது உட்பட ஏழு கின்னஸ் சாதனைகள் அவர் பெயரில் ஏறின. 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது, அந்தக் கடலிலேயே உயிர் பிரிந்தது.

★ ஒரே ஆண்டு, ஐந்து கடல்வழிகள்

கல்கத்தா பாரிஸ்டர் மிஹிர் சென், 1958இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் இந்தியர். எட்டு ஆண்டு கழித்து, 1966 ஏப்ரலில் தலைமன்னாரில் இறங்கி, புயலில் அழிந்து கிடந்த தனுஷ்கோடியில் ஏறினார். அதே ஆண்டு ஜிப்ரால்டர், டார்டனல்ஸ், பாஸ்பரஸ், பனாமா கால்வாய் நான்கையும் முடித்தார். ஒரே ஆண்டில் ஐந்து! அந்தச் சாதனையை 1994இல் முறியடித்தவர் யார் தெரியுமா? ஈரோட்டில் பிறந்த குற்றாலீஸ்வரன். ஒரே ஆண்டில் ஆறு கால்வாய்களைக் கடந்தபோது அவருக்கு வயது பதிமூன்றுதான்.

★ கேப்டன் கப்பலை விட்டு இறங்கினார்

ஆங்கிலக் கால்வாயை எந்தத் துணைக்கருவியும் இல்லாமல் முதன்முதலில் நீந்தியவர் மாத்யூ வெப். இங்கிலாந்தின் வணிகக் கப்பல் கேப்டன். 1875 ஆகஸ்டில், குளிர் தாக்காமல் இருக்க உடம்பெல்லாம் கடற்பன்றிக் கொழுப்பைப் பூசிக்கொண்டு இறங்கினார். வழியில் சொறிமுட்டை கொட்டியது. நீரோட்டம் இழுத்தடித்தது. 21 மணி 45 நிமிடத்தில் பிரெஞ்சுக் கரையைத் தொட்டார். சொறிமுட்டை கொட்டினால் எப்படி எரியும் என்பதை வீராம்பட்டினத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை!

★ ஆண்களைவிட இரண்டு மணி நேரம் முன்னால்

அதே கால்வாயை 1926இல் கடந்த முதல் பெண், அமெரிக்காவின் கெர்ட்ரூட் எடர்லி. அதற்கு முன் ஐந்து ஆண்கள் கடந்திருந்தார்கள். அந்த ஐவரில் மிக வேகமாக நீந்தியவரைவிடவும் எடர்லி எடுத்துக்கொண்டது சுமார் இரண்டு மணி நேரம் குறைவு. சிறுவயது அம்மையால் காது பாதிக்கப்பட்டிருந்த அவர், பிற்காலத்தில் காது கேளாத குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தார்.

★ ரோலண்ட் காரோஸ் டென்னிஸ் வீரர் அல்ல!

பிரெஞ்சு ஓபன் நடக்கும் மைதானத்துக்கு ரோலண்ட் காரோஸ் என்று பெயர். ஆனால் அவர் விமானி. பாரிஸில் கார் வியாபாரம் செய்துகொண்டிருந்தவர், விமானத்தில் மனம் பறிகொடுத்தார். 1913 செப்டம்பரில் எங்கும் இறங்காமல் மத்தியதரைக் கடலைத் தாண்டிய முதல் மனிதர் ஆனார். முதல் உலகப் போரில், 30ஆவது பிறந்தநாளுக்கு முதல் நாள் வானில் பலியானார். பிறந்தது ரீயூனியன் தீவில். புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து நம் ஜனங்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிப் போனார்களே, அதே தீவு.

★ முட்டி வலி தந்த விளையாட்டு

புதுச்சேரியில் இரும்புக் குண்டை வீசி ஆடும் பெத்தாங்க் இன்றும் உயிரோடு இருக்கிறது. இதன் பிறப்பு 1907 வாக்கில், தெற்கு பிரான்சின் லா சியோத்தா ஊரில். அதற்கு முந்தைய ஆட்டத்தில் சில எட்டு ஓடிவந்து குண்டை வீச வேண்டும். நல்ல ஆட்டக்காரரான ழூல் லெனுவார், வாதநோயால் ஓட முடியாமல் ஓரமாக உட்கார்ந்துவிட்டார். அவருக்காக, ஓடாமல் நின்ற இடத்திலிருந்தே வீசலாம் என்று விதியை மாற்றினார்கள். தாத்தாவும் பேரனும் சேர்ந்து ஆடக்கூடிய ஆட்டமாக அது மாறியதற்குக் காரணம் ஒருவரின் மூட்டுவலி.

★ ஷிஃப்ட் முடித்து ஓடிய சாம்பியன்

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் மாரத்தானில் பிரான்சுக்குத் தங்கம் வாங்கித் தந்தவர் புகேரா எல் வாஃபி. அல்ஜீரியாவில் பிறந்தவர். ரெனோ கார் தொழிற்சாலைத் தொழிலாளி. அன்று புதுச்சேரியில் பறந்ததும் அல்ஜீரியாவில் பறந்ததும் ஒரே கொடி. வென்ற கையோடு அமெரிக்காவுக்குப் போய்க் காசுக்கு ஓடினார். அமெச்சூர் விதியை மீறினார் என்று அத்தோடு போட்டிகளிலிருந்து விலக்கிவிட்டார்கள். பிறகு நெடுங்காலம் அவரை யாரும் தேடவில்லை.

★ 13ஆம் எண்ணுக்கு அதிர்ஷ்டம்

இன்னொரு அல்ஜீரியர் அலென் மிமூன். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் குண்டடிபட்டார்; காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள். கால் தப்பியது. பாரிஸ் விளையாட்டுக் கிளப் ஒன்றில் கஃபே சிப்பந்தியாக வேலை பார்த்துக்கொண்டே ஓடினார். 1948இலும் 1952இலும் மூன்று ஒலிம்பிக் வெள்ளி. மூன்றிலும் முன்னால் போனவர் செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஜாடோபெக். கடைசியில் 1956 மெல்போர்ன் மாரத்தானில், 13ஆம் எண்ணைக் கட்டிக்கொண்டு மிமூன் தங்கம் வென்றார். எல்லைக்கோட்டைத் தாண்டியதும் ஓய்வெடுக்கப் போகவில்லை. ஜாடோபெக் வரட்டும் என்று காத்திருந்தார். ஆறாவதாக வந்த ஜாடோபெக் நண்பரைக் கட்டித் தழுவிக்கொண்டார்.

அந்த ஜாடோபெக் யார்? பாட்டா செருப்புத் தொழிற்சாலையில் பதினாறு வயதில் வேலைக்குச் சேர்ந்தவர்!

★ வெறுங்காலோடு பிரான்சை மிரட்டினோம்

1948 ஜூலை 31. லண்டன் ஒலிம்பிக் கால்பந்தில், சுதந்திர இந்தியாவின் முதல் ஆட்டம் பிரான்சோடுதான். நம்மவர்களில் பெரும்பாலோர் பூட்ஸ் போடாமல் ஆடினார்கள். 70ஆவது நிமிடத்தில் மைசூர் அணிக்காரர் சாரங்கபாணி ராமன் அடித்தது, ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல். கிடைத்த இரண்டு பெனால்டிகளையும் தவறவிட்டோம். கடைசி நிமிடங்களில் பிரான்ஸ் ஒரு கோல் போட்டு 2-1 என்று தப்பித்தது.

★ வெறுங்காலோடு ரோமை ஜெயித்தவர்

எத்தியோப்பியப் பேரரசரின் மெய்க்காவல் படைச் சிப்பாய் அபேபே பிகிலா, 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானைச் செருப்பில்லாமல் ஓடி 2 மணி 15 நிமிடம் 16 நொடியில் முடித்தார். 1964இல் டோக்கியோவுக்குப் போகுமுன் குடல்வால் அறுவை சிகிச்சை. ஐந்தே வாரத்தில் மறுபடி தங்கம். ஓடி முடித்ததும் புல்தரையில் படுத்து உடற்பயிற்சி செய்ததைப் பார்த்து அரங்கமே வாயைப் பிளந்தது. 1969இல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்தன. மனிதர் முடங்கவில்லை, சக்கர நாற்காலியில் இருந்தபடி வில்வித்தைப் போட்டிக்குப் போனார்.

★ இரண்டு குழந்தைகளின் அம்மா, நான்கு தங்கம்

முப்பது வயது, இரண்டு பிள்ளைகள். இனி என்ன ஓட்டம் என்று கேட்டவர்களுக்கு நெதர்லாந்தின் ஃபேனி பிளாங்கர்ஸ்-கோயன் 1948 லண்டனில் பதில் சொன்னார். 100 மீட்டர், 200 மீட்டர், 80 மீட்டர் தடை ஓட்டம், தொடர் ஓட்டம் என நான்கிலும் தங்கம். ஆம்ஸ்டர்டாம் நகரம் கொடுத்த பரிசு ஒரு சைக்கிள்!

★ யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பாய்ச்சல்

ஆசிய விளையாட்டில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் வாங்கிக் கொடுத்தது. 1958 டோக்கியோவில் உயரம் தாண்டுதலில் 2.03 மீட்டர். அமெரிக்காவில் படித்து, பிறகு ஆப்பிரிக்க நாடுகளில் பாடம் நடத்தப் போனார்.

★ டாக்டரும் வாத்தியாரும்

1966 பாங்காக் ஆசிய விளையாட்டு. 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் மலேசியாவின் மணி ஜெகதீசனும் சிங்கப்பூரின் கனகசபை குணாளனும் ஒன்றாகவே கோட்டைத் தொட்டார்கள். புகைப்படத்தைப் பார்த்துத்தான் தங்கம் ஜெகதீசனுக்கு என்று முடிவானது. ஆசியாவின் அதிவேக மனிதர் யார் என்பது இரண்டு தமிழர்களுக்குள் முடிந்த வழக்கு!

மருத்துவம் படித்த ஜெகதீசன் பின்னாளில் மலேசியச் சுகாதாரத் துறையில் உயர் பதவி வகித்தார். குணாளன் ஆசிரியர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் இருவரும் வைத்த தேசிய சாதனைகள் சாமானியத்தில் அசையவில்லை. குணாளனின் 10.38 நொடி 2001 வரையிலும், ஜெகதீசனின் 200 மீட்டர் 20.92 நொடி 2017 வரையிலும் நின்றன.

★ ரஞ்சி கோப்பையின் முதல் பந்து

1934 நவம்பர் 4, சேப்பாக்கம். ரஞ்சி கோப்பை வரலாற்றின் முதல் பந்தை வீசியவர் எம். ஜே. கோபாலன். பர்மா ஷெல் கம்பெனி ஊழியர். மைசூருக்கு எதிரான அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. கோபாலன் ஹாக்கியிலும் சூரர். தியான்சந்தோடு நியூசிலாந்து போய் வந்தவர். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கா, இங்கிலாந்து கிரிக்கெட் பயணமா என்ற கேள்வி வந்தது. கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி அணி தங்கத்தோடு திரும்பியது. இங்கிலாந்தில் அவருக்கு ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை.

★ இரண்டு கெஜம் குறைந்த பிட்ச்

1947இல் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ரன் குவித்த இலங்கைத் தமிழர் மகாதேவா சதாசிவம். மறு ஆண்டு கொழும்பில் பிராட்மனின் ஆஸ்திரேலிய அணி வந்து ஆடியபோது இலங்கை கேப்டன் அவரே. ஆட்டத்தின் நடுவே பிட்ச்சை அளந்தால் 22 கெஜத்துக்குப் பதில் 20 கெஜம்தான் இருந்தது! சதாசிவம் பிறகு சிங்கப்பூர், மலாயா அணிகளுக்கும் கேப்டனாக இருந்தார்.

★ டாலரை வேண்டாம் என்றவர்

1954இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்ற முதல் ஆசியர் ராமநாதன் கிருஷ்ணன். 1960, 1961 இரண்டு ஆண்டும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தால் மூன்றாண்டுக்கு 1,50,000 டாலர் தருவதாக, அந்த ஆட்டங்களை நடத்திய ஜாக் கிராமர் கூப்பிட்டார். போனால் டேவிஸ் கோப்பை ஆட முடியாது. கிருஷ்ணன் போகவில்லை. 1966இல் கல்கத்தாவில் பிரேசிலின் தாமஸ் கோக்குக்கு எதிராக, நான்காவது செட்டில் 2-5 என்று பின்தங்கிய நிலையிலிருந்து எழுந்து வென்றார். இந்தியா முதன்முறையாக டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போனது.

★ டக் டக் கேள்விகள்

1. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா கடைசியாகப் போட்ட கோல் யாருடையது?
தமிழகத்தின் சைமன் சுந்தர்ராஜ். 1960 ரோமில், பெருவுக்கு எதிராக.

2. சதுரங்கத்தில் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர்?
மானுவல் ஆரோன், 1961. சென்னையில் அவர் தொடங்கிய டால் செஸ் கிளப்பில்தான் சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் ஆடிப் பழகினார்.

3. ஒலிம்பிக் பதக்கம் வாங்கிவிட்டு ஹாலிவுட்டில் நடித்தவர்?
கல்கத்தாவில் பிறந்த நார்மன் பிரிட்சர்ட். 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு வெள்ளி. பின்பு நார்மன் ட்ரெவர் என்ற பெயரில் மௌனப் படங்களில் நடித்தார்.

★ உங்கள் தெருவில் யார்?

இத்தனை விவரமும் நம் கைக்கு வந்தது, அன்றைக்கு யாரோ ஒருவர் தேதியையும் நேரத்தையும் குறித்து வைத்ததால்தான். உங்கள் ஊரிலும் ஜில்லா அணிக்குக் கபடி ஆடிய தாத்தாவோ, பள்ளியில் ஓட்டப் பந்தயம் ஜெயித்த அத்தையோ இருப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து எந்த ஆண்டு, எந்த அணி, எந்த மைதானம் என்று கேட்டு எழுதுங்கள். அப்போது என்ன வேலை பார்த்தார்கள் என்பதையும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.